பூத் இல்லாத ஷெட்டில் 2கே கிளியர்: ஆரஞ்சுத் தோல் விழாமல் அடிப்பது எப்படி?

#1 கரிசல்காடு

வணக்கம். ஸ்விஃப்ட் காரின் பானட், இடது ஃபெண்டர் (முன் சக்கரத்தின் மேலுள்ள தகடு) இரண்டுக்கும் பெயிண்ட் அடித்தாயிற்று. நிறம் மாருதி சில்க்கி சில்வர், கோடு இசட்2எஸ். பேஸ் கோட் (நிறம் தரும் கோட்) நன்றாக வந்தது. மேலே 2கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும், நிறமில்லாத பளபளப்புப் படலம்) இரண்டு கோட். காய்ந்ததும் பார்த்தால் பானட்டின் முதல் பாதி ஓரளவு பரவாயில்லை, இரண்டாம் பாதி முழுக்க ஆரஞ்சுத் தோல், அதாவது ஆரஞ்சுப் பழத்தின் தோல் மாதிரி மேடுபள்ளம். டியூப் லைட்டின் நிழல் கோடாக விழாமல் நெளிந்து உடைந்து தெரிகிறது. ஃபெண்டரில் சக்கர வளைவுக்கு மேலே ஓரிடத்தில் வடிந்திருக்கிறது.

சாமான்கள்: 1 எச்பி கம்ப்ரெசர், 50 லிட்டர் டேங்க், எச்விஎல்பி கன் (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு அடிப்பது), 1.4 மிமீ நாசில், 8 மிமீ ஹோஸ் 10 மீட்டர். டேங்க் ரெகுலேட்டரில் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ. கிளியர் 2, ஹார்ட்னர் 1, தின்னர் கண்ணளவு. பூத் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) கிடையாது, தகரக் கூரை ஷெட்தான். அடித்த நேரம் மதியம் ஒரு மணி.

தின்னரைக் கூட்ட வேண்டுமா, பிரஷரைக் கூட்ட வேண்டுமா? வடிந்ததையும் தோலையும் இப்போது எப்படிச் சரிசெய்வது?

#2 நாசில்ஊசி

தம்பி, எதையும் கூட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். முதல் பாதி நன்றாக வந்து இரண்டாம் பாதி கெட்டிருக்கிறது. அதே கன், அதே கலவை, அதே கை. நடுவில் மாறியது காற்று ஒன்றுதான்.

1.4 எச்விஎல்பி கன் 9 முதல் 13 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வரை காற்று குடிக்கும். 12 என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 340 லிட்டர். 1 எச்பி கம்ப்ரெசர் நிஜத்தில் தருவது 3 சிஎஃப்எம் சொச்சம், அதாவது 85 லிட்டர். பாக்கி 255 லிட்டரை டேங்க்தான் கொடுக்க வேண்டும். 50 லிட்டர் டேங்க் 8 பார் அழுத்தத்திலிருந்து 3 பாருக்கு இறங்குகிற வரைக்கும் அதில் கிடைப்பது 50 × 5 = 250 லிட்டர். ஆக, டிரிகரை இழுத்துப் பிடித்தால் ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு கன்னுக்குப் போதிய காற்று இல்லை, பெயிண்ட் பொடியாக உடையாமல் பெரிய துளியாக விழும். பெரிய துளி பரவுவதற்கு நேரம் அதிகம் வேண்டும். பரவி முடிப்பதற்குள் மேல்தோல் கட்டிவிட்டால் அதுதான் ஆரஞ்சுத் தோல்.

இரண்டாவது, 30 பிஎஸ்ஐ என்று நீங்கள் பார்த்தது டேங்க் பக்கத்தில். 8 மிமீ ஹோஸில் 10 மீட்டர் ஓடி கன்னுக்கு வந்து சேரும்போது அதில் கணிசமாகக் குறைந்திருக்கும். எச்விஎல்பி கன் என்றால் முனையில் இருக்கும் காற்று மூடியில் 10 பிஎஸ்ஐ. அதற்கு, ஹோஸ் மாட்டும் கன்னின் வாயில் பெரும்பாலும் 26 முதல் 29 பிஎஸ்ஐ வேண்டும், சரியான எண் கன்னின் மேலேயே பொறித்திருக்கும். கன்னின் அடியில் ஒரு சின்ன கேஜ் மாட்டுங்கள். டிரிகரை முழுக்க இழுத்துக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் படியுங்கள். விட்ட நிலையில் படிக்கிற எண் எதற்கும் உதவாது.

செய்ய வேண்டியவை: ஹோஸ் 10 மிமீ உள்விட்டமாக மாற வேண்டும், கப்ளிங்கும் அதே அளவில். குறுகின கப்ளிங் போட்டால் பெரிய ஹோஸ் வாங்கியும் பலன் இல்லை. கம்ப்ரெசர் 3 எச்பி கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால் 200 லிட்டர் டேங்க் ஒன்றை வாடகைக்கு எடுத்து இதோடு இணைத்தால் 5 நிமிடம் தொடர்ந்து அடிக்கலாம், பானட்டின் ஒரு கோட்டுக்குப் போதும். காற்று டேங்க்காகச் செய்ததை மட்டும் இணையுங்கள். கேஸ் சிலிண்டரையோ பேரலையோ வெல்டு வைத்து மாட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம், வெடித்தால் ஆள் மிஞ்ச மாட்டார். மூன்றாவது வழி, 4 முதல் 6 சிஎஃப்எம்மில் ஓடும் எல்விஎல்பி (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) கன். வேகம் குறைவு, ஆனால் சின்னக் கம்ப்ரெசருக்குத் தோதாக இருக்கும்.

#3 உப்புத்தாள்

நாசில்ஊசி அண்ணன் சொல்லும் காற்றுக் கணக்கு சரிதான். ஆனால் எல்லோரும் 3 எச்பி வாங்க முடியாது. கிளியரில் தின்னர் 20 சதவீதம் போட்டால் குறைந்த காற்றிலும் நன்றாக உடையும், தானாகப் பரவும். நிறைய பட்டறையில் நடைமுறை இதுதான்.

#4 சாயப்பட்டறை

உப்புத்தாள், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 20 சதவீதம் போட்டால் அன்றைக்குப் பளபளப்பாக இருக்கும் என்பது உண்மை. பிறகு நடப்பதைப் பாருங்கள்.

அதிகத் தின்னர் என்றால் செங்குத்தான பேனலில் வடிசல். மேல்தோல் மூடிய பிறகும் உள்ளே தின்னர் மிச்சம் இருந்தால் அது வெயில் பட்டதும் குத்திக்கொண்டு வெளியே வந்து ஊசிமுனைப் பொத்தல்களை விட்டுப்போகும். மெதுவாக வெளியேறினால் இரண்டு மூன்று வாரத்தில் படலம் சுருங்கிப் பளபளப்பு மங்கும், அடியில் இருக்கும் உப்புத்தாள் கோடு மேலே எழும். இன்னொன்று, படலத்தின் தடிமன். கிளியர் காய்ந்த பிறகு 50 முதல் 60 மைக்ரான் நிற்க வேண்டும். வெயிலைத் தடுக்கும் மருந்து கிளியருக்குள்தான் இருக்கிறது. மெல்லிசாக அடித்த கிளியர்தான் நம் ஊர் வெயிலில் பானட்டிலும் கூரையிலும் செதில் செதிலாக உரிகிறது.

2:1 கிளியருக்குப் பெரும்பாலான டப்பாவில் 5 முதல் 10 சதவீதம் தின்னர்தான் எழுதியிருக்கும். கண்ணளவு வேண்டாம், கலவை எவ்வளவு கெட்டி என்று அளக்கும் ஃபோர்டு கப் 4 ஒன்று வாங்குங்கள், விலை பெரிதில்லை. கப்பை நிரப்பி, அடித் துளையிலிருந்து விரலை எடுத்ததும் கடிகாரத்தை ஓட்டுங்கள். கம்பி மாதிரி விழும் ஒழுக்கு முதல் தடவை அறுபடும் நொடியில் நிறுத்துங்கள். கிளியர் 17 முதல் 20 நொடி, பேஸ் கோட் 14 முதல் 16 நொடி. எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் அதன் தகவல் தாளில் எண் இருக்கும், அதுவே முடிவு. காலையில் அளந்த கலவை மதியத்தில் வேறு எண் காட்டும். ஹார்ட்னர் கலந்த பிறகு நேரம் ஆக ஆகக் கெட்டிப்படும். அப்போது தின்னரை ஊற்றி இளக்குவது தவறு.

அளவு: உங்கள் பானட்டுக்கு இரண்டு கோட்டுக்கும் சேர்த்து 300 முதல் 350 மில்லி கலந்த கிளியர் போதும். 200 மில்லி கிளியர், 100 மில்லி ஹார்ட்னர், 15 முதல் 30 மில்லி தின்னர். ஃபெண்டருக்கு அதில் பாதி. இரண்டாம் கோட்டுக்கு வேண்டியதை அப்போது கலந்தால் நல்லது, 35 டிகிரி வெயிலில் கலவையின் ஆயுள் வேகமாகக் குறையும்.

#5 உப்புத்தாள்

படலத்தின் தடிமன் பற்றிச் சொன்னது நியாயம். செங்குத்துப் பேனலுக்கு 20 சதவீதம் தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மதியம் ஒரு மணி வெயிலில் 5 சதவீதம் போட்டால் பரவவே பரவாது. அதற்கு என்ன வழி?

#6 வைகைக்கரை

வழி, தின்னரின் அளவைக் கூட்டாமல் தின்னரின் வேகத்தை மாற்றுவது. தின்னரில் வேகமாகப் பறப்பது, நடுத்தரம், மெதுவானது என மூன்று ரகம் உண்டு, ஹார்ட்னரிலும் அப்படியே. 25 டிகிரிக்கு நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் மெதுவானது. மதுரைப் பக்கம் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரைக்கும் நடுத்தரத் தின்னரில் கிளியர் அடித்தால் கன்னிலிருந்து பேனலுக்குப் போகும் 15 சென்டிமீட்டரிலேயே தின்னர் நிறையப் பறந்துபோகும். பேனலில் விழுவது கெட்டிச் சாறு. அது எப்படிப் பரவும்?

காற்றின் வெப்பத்தைவிடத் தகட்டின் வெப்பம் முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே மதியம் ஒரு மணிக்கு பானட் சுடும். புறங்கையை வைத்துப் பத்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்குக் கன்னைத் தொடாதீர்கள். தகடு 35 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். பனி விழும் மாதங்களில் இன்னும் அரைமணி பொறுத்து, தகட்டில் ஈரம் கோத்திருக்கிறதா பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சாயங்காலமும் தோதுதான், ஆனால் விளக்கைத் தேடி வரும் பூச்சி கிளியரில் உட்காரும்.

ஈரக்காற்று வேறு கதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் வெள்ளை பூத்துக்கொள்ளும். தின்னர் பறக்கும்போது தகடு குளிர்கிறது, குளிர்ந்த இடத்தில் காற்றிலிருக்கும் ஈரம் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. அதற்கு மிக மெதுவாகப் பறக்கும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் சேர்ப்பார்கள். 2கே-யில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஹார்ட்னர் ஈரத்தைக் கண்டால் கரியமில வாயு விட்டுக் குமிழ் கட்டும். டப்பாவில் எடுத்தவுடன் மூடியை இறுக்கி மூடுங்கள். ஹார்ட்னர் கலங்கியோ அடியில் படிகம் கட்டியோ இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

#7 கரிசல்காடு

நன்றி அண்ணே. நான் போட்டது பேஸ் கோட்டுக்கு வாங்கிய தின்னர், கடையில் "எல்லாத்துக்கும் இதுதான்" என்று கொடுத்தார்கள். டப்பாவில் என்சி தின்னர் என்று இருக்கிறது. இதனால் பாதிப்பு உண்டா?

#8 சாயப்பட்டறை

உண்டு. இது மிக முக்கியம், நல்ல வேளை கேட்டீர்கள். என்சி தின்னரில் ஆல்கஹால் கலந்திருக்கும். 2கே ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட், கிளியரை இறுக வைக்கும் ரசாயனம். கிளியரின் ரெசினோடு சேர வேண்டிய ஐசோசயனேட்டை ஆல்கஹால் தின்றுவிடும். கிளியர் முழுமையாக இறுகாது, நகத்தால் அழுத்தினால் தடம் விழும், பாலிஷ் போட்டாலும் ஒளி நிற்காது. 2கே-க்கு 2கே தின்னர் அல்லது பியூ (பாலியூரித்தேன்) தின்னர்தான். என்சி தின்னர் கன் கழுவுவதற்கு மட்டும். கழுவிய பிறகும் கப்பில் துளி நிற்காமல் 2கே தின்னரால் ஒரு அலசு அலசுங்கள்.

நீங்கள் அடித்ததை இரண்டு நாள் கழித்து பானட்டின் உட்புற ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாவிட்டால் தேய்த்து அதன் மேலேயே கிளியர் போகலாம். தடம் விழுந்தால் அந்தக் கிளியர் மொத்தமும் இறங்கித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

பழைய பட்டறைகளில் இன்னும் "டூகோ அடிக்கிறது" என்று சொல்வது இந்த என்சி பெயிண்டைத்தான். 1920-களில் அமெரிக்காவில் டூபாண்ட் கொண்டுவந்த டூகோ, ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாந்து கார்களில் முதலில் வந்தது. அதுவரை வாரக்கணக்கில் காய்ந்த வண்டி அதன் பிறகு சில மணி நேரத்தில் காய ஆரம்பித்தது. அந்தப் பெயர் நம் ஊரில் ஒட்டிக்கொண்டது, அதோடு எல்லாவற்றுக்கும் ஒரே தின்னர் என்ற பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

#9 ஈரவிளிம்பு

காற்றும் தின்னரும் சரியானால் அடுத்தது கன் டியூனிங். பேனலில் பரீட்சை வேண்டாம், சுவரில் மாஸ்கிங் பேப்பரை ஒட்டி அதில் பாருங்கள்.

முதலில் ஃபேன் திருகை (தெளிப்பின் அகலத்துக்கு) முழுக்கத் திறந்து, ஊசித் திருகை (பெயிண்ட் அளவுக்கு) இரண்டரை முதல் மூன்று சுற்று திறந்து, 15 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு நொடி டிரிகர் இழுங்கள். நீளவாட்டில் ஒரு சுருட்டு வடிவம் விழ வேண்டும். அதன் ஓரத்தில் சிதறியிருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். மிளகாய்ப் பொடி மாதிரி நுணுக்கமாக இருந்தால் சரி. கடுகு அளவு இருந்தால் காற்று போதவில்லை, அல்லது கலவை கெட்டி. பிரஷரை 2 பிஎஸ்ஐ 2 பிஎஸ்ஐயாக ஏற்றுங்கள். புள்ளி அதற்கு மேல் சிறுத்துப் போகவில்லை என்று தெரிகிற இடத்தில் நில்லுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் புகைதான் கூடும்.

அடுத்து ஒழுக்குச் சோதனை. காற்று மூடியின் கொம்புகளைத் திருப்பி ஃபேன் படுக்கைவாட்டில் வருமாறு வையுங்கள். பேப்பரில் கையை நகர்த்தாமல் ஒழுகுகிற வரைக்கும் டிரிகரைப் பிடியுங்கள். விரல்கள் மாதிரி கோடு கோடாக ஒழுகும். நடுவில் இருக்கும் கோடுகள் ஒரே நீளம், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் குட்டை: சரி. நடு மட்டும் நீளமாக இறங்கினால் பிரஷர் குறைவு அல்லது கலவை கெட்டி. இரண்டு ஓரமும் நீளம், நடு குட்டை என்றால் பிரஷர் அதிகம் அல்லது கலவை நீர்த்துப் போயிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கனமாக இறங்கினால் மூடியை அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். கனம் பக்கம் மாறினால் மூடியின் துளையில் அடைப்பு. மாறாமல் அங்கேயே இருந்தால் நாசிலிலோ ஊசியிலோ அழுக்கு. துளையைப் பல்குச்சியால் குத்துங்கள், கம்பி வேண்டாம். துளை கொஞ்சம் கோணினாலும் அந்த மூடி அதோடு சரி.

நாசில் அளவு: பேஸ், கிளியர் இரண்டுக்கும் 1.3 அல்லது 1.4. சர்ஃபேசருக்கு (நிறத்துக்கு அடியில் போகும் நிரப்புக் கோட்) 1.6 முதல் 1.8. ஒரே கன்னில் எல்லாவற்றையும் அடித்தால் சர்ஃபேசரில் வரும் கரடு கிளியரில் வந்து விழும். கிளியருக்கென்று ஒரு கன் ஒதுக்குங்கள்.

#10 கரிசல்காடு

இப்போது கை ஓட்டத்தைச் சொல்லுங்கள் அண்ணே. பானட்டில் எங்கே ஆரம்பிப்பது? கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு நேரம் விடுவது?

#11 ஈரவிளிம்பு

பானட்டை வண்டியிலேயே வைத்து அடிப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஹோஸைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், பேனலில் உரசக் கூடாது. கப் மூடியின் காற்றுத்துளை வழியாக ஒழுகும், ஒரு பழந்துணியை மூடியைச் சுற்றிக் கட்டுங்கள்.

ஓரங்களையும் மடிப்பையும் முதலில் ஒரு தடவை அடித்துவிடுங்கள். பிறகு நீங்கள் நிற்கிற பக்க ஓரத்திலிருந்து நடு வரைக்கும். நடுவுக்கு வந்ததும் அந்தப் பக்கம் சுற்றிப் போய் நடுவில் விட்ட ஈர விளிம்பில் ஆரம்பித்து, இப்போது நிற்கிற பக்க ஓரத்தில் முடியுங்கள். ஓரத்தில் ஆரம்பித்து எதிர் ஓரத்தில் முடிக்கும் இந்த வரிசையில், நடுவில் சேரும் இடம் உலராமல் இருக்கும்.

தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு ஓர் அடி. மணிக்கட்டை வளைத்து விசிறாதீர்கள், முழங்கையும் தோளும் சேர்ந்து நகரட்டும். விசிறினால் நடுவில் தடிமன், இரு முனையிலும் காய்ந்த பொடி. பேனலுக்கு முன்னாலேயே காற்றை விட்டு, தாண்டிய பிறகு டிரிகரை விடுங்கள். பேஸ் கோட்டுக்கு ஒன்றின் மேல் ஒன்று பாதி, கிளியருக்கு முக்கால் பங்கு.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பெரும்பாலானவர்கள் கன் வாயைப் பார்க்கிறார்கள். அதைப் பார்க்காமல், பேனலில் விழும் டியூப் லைட் பிம்பத்தைச் சாய்வாகப் பாருங்கள். கன் கடந்துபோன இடத்தில் கிளியர் முதலில் சொரசொரப்பாக விழும். ஒரு நொடி, ஒன்றரை நொடியில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து பிம்பம் நேர்கோடாகக் கூடும். அப்படிக் கூடினால் வேகம் சரி. கூடாமல் புள்ளியாகவே நின்றால் கை வேகம் அதிகம் அல்லது தூரம் அதிகம். உடனே கூடி பிம்பம் கீழே நகர ஆரம்பித்தால் வடியப்போகிறது, அடுத்த ஓட்டத்தில் கையை வேகப்படுத்துங்கள். நீங்கள் கைவசம் வைத்திருக்கிற மீட்டர் இந்தப் பிம்பம்தான். அதனால் விளக்கைப் பக்கவாட்டில், பேனலின் மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள்.

முதல் கோட் நடுத்தர ஈரம், இரண்டாம் கோட் முழு ஈரம். இடையில் 30 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். கடிகாரத்தோடு விரலையும் வையுங்கள்: பக்கத்தில் மாஸ்கிங் டேப் மேல் விழுந்த கிளியரைத் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலை எடுக்கும்போது நூல் இழுக்கக் கூடாது. நூல் இழுத்தால் இன்னும் பொறுங்கள்.

சக்கர வளைவுக்கு மேலே உங்களுக்கு வடிந்ததற்குக் காரணம், அந்த வளைவில் ஓட்டம் திரும்பும்போது கை ஒரு கணம் நிற்பது. திரும்பும் இடத்தில் டிரிகரை விட்டுவிடுங்கள்.

#12 வைகைக்கரை

சில்வருக்கு ஒரு விஷயம். சாலிட் வெள்ளைக்கு இது வேண்டாம். மெட்டாலிக்கில் அலுமினியச் செதில்கள் எப்படிப் படுக்கின்றன என்பதுதான் நிறம். ஈரமாக விழுந்தால் செதில் மூழ்கி இருட்டாகத் தெரியும், உலர்வாக விழுந்தால் மேலே நின்று வெளுப்பாகத் தெரியும். இரண்டும் கலந்தால் மேகம் மேகமாக இருக்கும். இரண்டு கோட் பேஸ் மூடியதும், மங்கிக் காய்ந்த பிறகு, பிரஷரை 20 முதல் 30 சதவீதம் குறைத்து, தூரத்தை 25 சென்டிமீட்டராக்கி, பேனலைச் சேர்த்து ஒரு தூவல் கோட் போடுங்கள். செதில்கள் ஒரே சீராகப் படியும். அதன் பிறகு 15 முதல் 20 நிமிடம் விட்டு கிளியர். பேஸை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு நேரே கிளியர் போடக் கூடாது, தேய்த்த இடம் தடமாக நிற்கும். தூசி எடுத்தே ஆக வேண்டுமென்றால் எடுத்துவிட்டு மேலே இன்னொரு பேஸ் கோட்.

#13 பட்டித்தகடு

இவ்வளவு பேசியும் அடித்தளத்தை யாரும் தொடவில்லை. கிளியர் கண்ணாடி மாதிரி வந்தாலும் அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அலை அலையாக இருந்தால் அந்தக் கண்ணாடி அலையைத்தான் காட்டும். டிங்கரிங் முடிந்த பேனலுக்குச் சொல்கிறேன்.

2கே பட்டிக்கு ஹார்ட்னர் எடையில் 2 சதவீதம்: 100 கிராமுக்கு 2 கிராம். வெயில் நாளில் ஒன்றரை போதும். சீக்கிரம் காய வேண்டும் என்று 4, 5 கிராம் போட்டால் மிஞ்சின பெராக்சைடு பெயிண்ட் வழியாக மேலே வந்து நிறத்தில் திட்டு விழும். கலக்கும்போது காற்று போகாமல் தகட்டால் அழுத்தி அழுத்திக் கலக்குங்கள், சுழற்றிக் கலக்கினால் ஊசிப் பொத்தல். ஒரே வீச்சில் 3 மிமீக்கு மேல் வேண்டாம்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். பட்டி தண்ணீரைக் குடிக்கும், மேலே பெயிண்ட் மூடிய பிறகு அது கொப்புளமாக எழும். அடித் தகட்டில் துருவும் பிடிக்கும். உலர்வாக 80, 150, 240 நம்பர் உப்புத்தாள் என்று போங்கள். நம்பரைத் தாவக் கூடாது, 80-இன் கீறலை 400 அழிக்காது. கையை மட்டும் வைத்துத் தேய்த்தால் விரல் போகிற இடத்தில் பள்ளம் விழும். நீளமான பிளாக் வைத்து, குறுக்கும் மறுக்குமாக.

அதன் மேல் 2கே சர்ஃபேசர் 2 கோட். நன்றாகக் காய்ந்ததும் கருப்பு மேட் ஸ்ப்ரேயை மெல்லத் தூவுங்கள். இதுதான் கைடு கோட். பிளாக்கில் தேய்க்கும்போது கருப்பு எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம். கருப்பு முழுக்க மறைகிறவரை தேய்த்தால் மட்டம். சாலிட் நிறத்துக்கு 600 வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தாள்) முடிக்கலாம், சில்வருக்கு 800 வரை போக வேண்டும். சில்வர் கீறலை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

#14 கரிசல்காடு

ஃபெண்டரில் இரண்டு மூன்று இடத்தில் கிளியர் ஒதுங்கி, சின்னக் குழி மாதிரி நிற்கிறது. நடுவில் பேஸ் தெரிகிறது. இது தூசியா?

#15 நாசில்ஊசி

தூசி என்றால் மேடாக இருக்கும். இது மீன்கண். எண்ணெய், மெழுகு, சிலிகான் ஏதாவது ஒன்று. டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் இரண்டிலும் சிலிகான் இருக்கும், அதை ஷெட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். கம்ப்ரெசர் எண்ணெய் தள்ளினாலும் இதேதான். வெள்ளைத் துணியை ஹோஸ் வாயில் பிடித்து ஒரு நிமிடம் காற்று விடுங்கள். கறையோ ஈரமோ பட்டால் அங்கே பிரச்சினை. டேங்க்கின் அடி வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை விடுங்கள். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் டிராப்பைக் கம்ப்ரெசர் பக்கத்தில் மாட்டினால் சூடான காற்றில் ஈரம் ஆவியாகவே கடந்துபோகும். 8, 10 மீட்டர் தள்ளி, காற்று ஆறிய இடத்தில் மாட்டுங்கள்.

துடைப்பது இரண்டு துணியில். மெழுகு நீக்கியில் நனைத்த துணி ஒரு கையில், உலர்ந்த துணி மறு கையில். நனைத்ததைத் துடைத்து, அது பறப்பதற்குள் உலர்ந்ததால் எடுங்கள். தானாக உலரவிட்டால் எண்ணெய் அங்கேயே திரும்பப் படியும். தேய்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை. முன்னால் துடைக்காமல் தேய்த்தால் மெழுகைக் கீறலுக்குள் திணிக்கிறீர்கள்.

தூசிக்கு: தரையை அரைமணிக்கு முன்னால் நனையுங்கள், குட்டை நிற்க வேண்டாம். மாஸ்கிங்குக்குச் செய்தித்தாள் வேண்டாம், நார் பறக்கும், மை தின்னரில் ஊறும். டேக் துணியை (தூசியை ஒட்டி எடுக்கும் பிசுக்குத் துணி) அழுத்தாமல் மேலோட்டமாக ஓட்டுங்கள்.

#16 சாயப்பட்டறை

முகமூடியைப் பற்றி யாரும் எழுதவில்லை, இதை எல்லோரும் தயவுசெய்து படியுங்கள். 2கே ஹார்ட்னரின் ஐசோசயனேட் வீசிங்கைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதை ஏற்காமல் திரும்பிவிட்டால் அதற்குப் பிறகு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும், அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதற்கும் ஆகாது. மூக்கில் நாற்றம் தெரிவதற்கு முன்பே அளவு தாண்டியிருக்கும், அதனால் வாசனை வரவில்லை என்பது பாதுகாப்பு இல்லை. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ இந்த வேலைக்கு வெளியிலிருந்து காற்று ஊட்டும் முகமூடியைத்தான் சொல்கிறது. அது முடியாத இடத்தில் குறைந்தபட்சம் ஆவியையும் நுண்துகளையும் வடிகட்டும் ஏ2பி2 கார்ட்ரிட்ஜ் முகமூடி, முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் உட்காராது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அடித்து முடித்ததும் பேனலைப் பார்க்கும் ஆசையில் முகமூடியைக் கழற்றாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத புகை ஷெட்டில் நிற்கும். வெளியே வந்த பிறகு கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டாரும் சுவிட்சும் புகை போகிற பாதையில் இருக்கக் கூடாது, ஒரு பொறி போதும். பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள்.

#17 கரிசல்காடு

இரண்டு நாள் கழித்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தடம் விழவில்லை. கம்ப்ரெசர் ஆப்பரேட்டரிடம் 3 எச்பி ஒரு நாள் வாடகைக்குப் பேசியாயிற்று. மெதுவான 2கே தின்னரும் வாங்கியாயிற்று. இப்போது இருப்பதைத் தேய்த்து பாலிஷ் போட்டால் போதுமா, அல்லது மறுபடி கிளியர் அடிக்க வேண்டுமா?

#18 உப்புத்தாள்

இதில் என் பங்கைச் சொல்கிறேன். பானட்டின் முதல் பாதி மாதிரி லேசான தோல் என்றால் தேய்த்து எடுக்கலாம். இரண்டாம் பாதி மாதிரி ஆழமாக இருந்தால் மட்டமாகும் வரை தேய்ப்பதற்குள் கிளியர் மெலிந்துபோகும். என் முடிவு: முழு பானட்டையும் 800 வாட்டர் பேப்பரில் பிளாக் வைத்து, பளபளப்புப் புள்ளி ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் மட்டமாக்கி, மறுபடி இரண்டு கோட் கிளியர். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக ஓடினால் கிளியர்தான் போகிறது. சாம்பல் நிறம் கலந்து ஓட ஆரம்பித்தால் பேஸைத் தொட்டுவிட்டீர்கள், அங்கே மறுபடி பேஸ் தூவ வேண்டும். ஓரங்களிலும் மடிப்புக் கோட்டிலும் கிளியர் மெல்லிசு, அதன் மேல் டேப் ஒட்டிக்கொண்டு நடுவைத் தேய்த்து, கடைசியில் டேப்பை எடுத்து ஸ்காட்ச் பேடால் (சொரசொரப்பான நார்ப் பட்டை) ஓரத்தை மங்கவைக்க வேண்டும். மங்காத இடத்தில் புதுக் கிளியர் பிடிக்காது.

ஃபெண்டரில் வடிந்ததற்கு: வடிசலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி மாஸ்கிங் டேப். தீப்பெட்டி அளவு கெட்டியான மரத்துண்டு, அதில் 1000 வாட்டர் பேப்பர், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். வடிசலின் முதுகை மட்டும் அது தொட வேண்டும். டேப்பில் உரச ஆரம்பித்ததும் நிறுத்தி, டேப்பை உரித்து, 1500-இல் மீதியை இறக்குங்கள். நுரைப் பிளாக் இதற்கு ஆகாது, வளைந்துகொடுத்து இரண்டு பக்கமும் பள்ளம் பறிக்கும். வடிசலின் உள்ளே காய்வதற்கு நாளாகும், இப்போதைக்கு இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

புதுக் கிளியரில் தூசி விழுந்தால் அடித்து 24 மணி நேரம் கழித்து, முடிந்தால் இரண்டு நாள் கழித்து, 1500, 2000, 3000 என்று போய் காம்பவுண்ட் (பாலிஷ் பசை). மெஷின் 1200 முதல் 1500 ஆர்பிஎம். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், கை வைத்தால் சூடு தெரிகிறது என்றால் நகர்ந்துவிடுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே பாலிஷ் போட்டால் பத்து நாளில் மங்கும்.

#19 கரிசல்காடு

சரி அண்ணே. பானட்டுக்கு முன்னால் பழைய டிக்கிக் கதவு ஒன்றை 800-இல் தேய்த்து அதில் ஒரு சோதனை அடிக்கிறேன். காலை ஒன்பது மணி, தகடு 31 டிகிரி, கன் வாயில் 28 பிஎஸ்ஐ, கப்பில் 18 நொடி. இந்த எண்கள் சரியா?

#20 நாசில்ஊசி

சரி தம்பி. டிக்கிக் கதவை ஃபெண்டர் மாதிரி நிமிர்த்தி நிறுத்தி அடியுங்கள். படுக்கவைத்து அடித்தால் வடிவது தெரியாது. அதே எண்களில் இரண்டாம் கோட் நிமிர்ந்த தகட்டில் நின்றால், பானட்டுக்கு ஊசியைக் கால் சுற்று கூடத் திறக்கலாம்.